வெறுந்தரையில் காற்றை நிலைநிறுத்துதல்: ஒரு சி.எஃப்.டி. செய்முறைப் பதிவு

அருகருகே நிற்கும் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உள்ள 4 மீட்டர் அகலச் சந்தில், ஆள் உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது என்பதை, பாய்மங்களின் ஓட்டத்தைக் கணினியால் கணிக்கும் சி.எஃப்.டி. முறையில், ஓபன்ஃபோம் என்ற மென்பொருளைக் கொண்டு கணித்துப் பார்க்கத் தொடங்கினேன். ஒவ்வொரு கட்டடமும் 12 மீட்டர் உயரம், 18 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம். கணிப்பதற்கு முன்பே அளந்தும் வைத்திருந்தேன். காற்று வரும் பக்கத் திறந்தவெளியில் 10 மீட்டர் உயரக் கம்பத்தில் ஒரு கிண்ணக் காற்றுமானியும், சந்தின் நடுவே 1.5 மீட்டர் உயரத்தில் இன்னொன்றும் வைத்து, அரை மணி நேரச் சராசரிகளை எடுத்து, இரண்டாவதை முதலாவதால் வகுத்தேன். காற்று நாளுக்கு நாள் கூடிக் குறைந்தாலும் இந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை என்பதால், ஒப்பிடுவதற்கு அதுவே நம்பகமானது. வெவ்வேறு நாட்களில் எடுத்த மூன்று அளவீடுகளும் 0.76 முதல் 0.80 வரை அமைந்தன. வெயிலில் சூடேறிய தரை கணக்கைக் குழப்பிவிடக் கூடாது என்பதற்காக, மேகமூட்டமும் நல்ல காற்றும் இருந்த நாட்களை மட்டுமே எடுத்துக்கொண்டேன்.

கணினியோ 1.03 என்றது. அதாவது, ஆள் உயரத்தில் சந்துக்குள் வீசும் காற்று, திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் வீசும் காற்றையும் விஞ்சுகிறது என்று பொருள். அங்கே போய் நின்றவர் யாரும் இதை நம்பமாட்டார்.

முதல் சந்தேகம், எல்லோருக்கும் வருவதுபோலவே, கணிப்பதற்காகக் காற்றுவெளியைச் சிறு கண்களாகப் பிரிக்கும் வலையின் மேல்தான் எழுந்தது. சந்துக்குள் இருந்த வலைக்கண்களைப் பாதி அளவாக்கி ஓர் இரவு முழுவதும் கணினியை ஓடவிட்டேன். 1.03 என்பது 1.01 ஆயிற்று. ஓர் இரவு மின்சாரத்துக்கு இது மிகச் சிறிய பலன். பிழை எங்கே இருக்கிறது என்பதைத் தற்செயலாகத்தான் கண்டேன். முடிவுகளைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் வேறொன்றைப் பார்ப்பதற்காக, காற்று நுழையும் முகப்பிலிருந்து 30 மீட்டர் தள்ளி ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, அதன் வழியே வேகத்தை வரைந்தேன். அந்த இடம் கட்டடத்துக்கு இன்னும் 30 மீட்டர் முன்னால் இருக்கிறது. அங்கே 1.5 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 3.0 மீட்டர் இருக்க வேண்டிய வேகம் 3.4 ஆக இருந்தது. கட்டடம் எதிரே நின்று தடுப்பதால் சற்றேனும் குறைந்திருக்க வேண்டிய இடத்தில் வேகம் கூடியிருந்தது. நான் கொடுத்த காற்று, கட்டடத்தைத் தொடுவதற்கு முன்பே வேறொரு காற்றாக மாறிவிட்டிருந்தது.

நான் கொடுத்த காற்று எது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றவை விளங்கும். தரையை ஒட்டிய முதல் நூறு மீட்டர் அளவில், வெப்பத்தின் பங்கு குறைவாக இருக்கும்போது, சராசரி வேகம் உயரத்தின் மடக்கையாகக் கூடிக்கொண்டு போகிறது. எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைத் தீர்மானிப்பது கரடுமுரடு நீளம் எனப்படும் ஓர் அளவு. அது திறந்த கடற்பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு; புல்வெளியில் சுமார் 3 சென்டிமீட்டர்; அடர்ந்த நகர்ப்பகுதியில் ஒரு மீட்டரையும் தாண்டும். செடிகளும் தாழ்வான வேலிகளும் நிறைந்த தரைக்கு 0.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 10 மீட்டர் உயரத்தில் விநாடிக்கு 5 மீட்டர் வேகம் என்றும், கார்மன் மாறிலியான கப்பா 0.41 என்றும் கொண்டால், தரையின் இழுப்பைக் குறிக்கும் உராய்வுத் திசைவேகம் விநாடிக்கு 0.444 மீட்டர் ஆகிறது. அதிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் 3.0, 20 மீட்டரில் 5.75, 72 மீட்டரில் 7.1 என வேகங்கள் கிடைக்கின்றன. கொந்தளிப்பு ஆற்றலும் (காற்றின் ஒழுங்கற்ற அலைவில் உள்ள ஆற்றல்) அதன் சிதைவு வீதமும் இந்த வேகப் பரவலோடு முரண்படாதபடி எப்படி அமைய வேண்டும் என்பதற்கான சூத்திரங்களை ரிச்சர்ட்ஸ், ஹாக்ஸி ஆகிய இருவரும் 1993-இல் எழுதிவைத்தனர். அதன்படி கொந்தளிப்பு ஆற்றல் எல்லா உயரத்திலும் ஒரே அளவு: உராய்வுத் திசைவேகத்தின் இருமடியை 0.3-ஆல் வகுத்தது, அதாவது என் கணக்கில் 0.66. ஓபன்ஃபோமில் இந்தப் பரவல்களை நுழைவாயிலில் இடுவதற்குத் தனி எல்லை நிபந்தனைகளே (களத்தின், அதாவது கணினியில் காற்று ஓடும் பெட்டியின், ஓரங்களில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்பவை) உள்ளன. அவற்றைத்தான் நான் பயன்படுத்தியிருந்தேன்.

ஆகவே, கொடுத்தது சரி. கொடுத்ததைத் தரையும், களத்தின் மேல் எல்லையும், கொந்தளிப்பைக் கணிக்கும் மாதிரியும் தாங்கிப் பிடிக்கின்றனவா என்பதே கேள்வி. இதைச் சோதிக்க ஒரே வழி, கட்டடங்களை எடுத்துவிட்டு வெறுந்தரையில் காற்றை ஓட்டிப் பார்ப்பது. நுழைந்த பரவல் மாறாமல் வெளியேற வேண்டும். மாறினால், அந்த மாற்றம் முழுவதும் என் பிழை. கட்டடத்தின் மேல் பழி போட முடியாது. இதற்கு முப்பரிமாண வலை தேவையில்லை. 260 மீட்டர் நீளமும் 72 மீட்டர் உயரமும் கொண்ட, அகலவாக்கில் ஒரே ஒரு வலைக்கண் உடைய தகடு போதும். தரையை ஒட்டிய வலைக்கண்ணின் உயரத்தை மட்டும் உண்மையான வலையில் உள்ளதைப் போலவே 0.6 மீட்டராக வைத்தேன். அப்போது கண்களின் மையங்கள் 0.3, 0.9, 1.5 மீட்டரில் விழுகின்றன. நான் பார்க்க விரும்பிய உயரம் மூன்றாவது கண்ணின் நட்டநடுவில் அமைகிறது. ஜப்பானியக் கட்டடக்கலைக் கழகத்தின் வழிகாட்டுதல்களும் ஆள் உயரக் காற்றைத் தரையிலிருந்து மூன்றாவது கண்ணிலோ அதற்கு மேலோ படிக்கும்படிதான் சொல்கின்றன. ஓபன்ஃபோமின் சிம்பிள்ஃபோம் நிரல் இந்தத் தகட்டைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. ஓர் இரவை வீணாக்கியதற்கு முன் இந்தச் சில நிமிடங்களைச் செலவிட்டிருக்கலாம்.

முதல் ஓட்டம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. கட்டடம் இருக்க வேண்டிய 60 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயர வேகம் 3.6, வெளியேறும் முனையில் 4.1. தரையின் எல்லை நிபந்தனையைத் திறந்து பார்த்தால், வழவழப்பான சுவருக்குரிய சுவர்ச் சார்பு அங்கே இருந்தது. வேறொரு பழைய கணக்கிலிருந்து கோப்புறையை அப்படியே நகலெடுத்ததன் விளைவு அது. குழாய்க்குள் ஓடும் நீருக்கு எழுதியது. வேலி, செடி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் உரசி வந்த காற்றை, கண்ணாடி போன்ற தரையின்மேல் விட்டால் அது வேகம் எடுக்கத்தான் செய்யும். சுவர்ச் சார்பு என்பது, முதல் வலைக்கண்ணின் மையத்துக்கும் தரைக்கும் இடையே நடப்பதைக் கணிக்காமல், தரை காற்றைப் பிடித்திழுக்கும் தகைவை ஒரு சூத்திரத்தால் ஊகிக்கும் ஏற்பாடு. அந்தச் சூத்திரத்துக்குத் தரையின் கரடுமுரடு தெரியாவிட்டால், நுழைவாயிலில் எவ்வளவு கவனமாகப் பரவலை எழுதியும் பயனில்லை.

அடுத்து, கரடுமுரடான சுவருக்குரிய பொதுவான சார்பை இட்டேன். இங்கேதான் இந்தத் துறையில் பலர் விழுந்த குழி இருக்கிறது. அந்தச் சார்பு, வானிலையாளர்கள் பயன்படுத்தும் கரடுமுரடு நீளத்தைக் கேட்பதில்லை. மணல் ஒட்டிய குழாய்களில் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த மணற்பரு உயரத்தைக் கேட்கிறது. ஒன்றை மற்றதாக மாற்ற, கரடுமுரடு நீளத்தை 9.793-ஆல் பெருக்கிக் கரடுமுரடு மாறிலியான 0.5-ஆல் வகுக்க வேண்டும். என் 0.1 மீட்டர், 1.96 மீட்டராக வீங்கியது. முதல் வலைக்கண்ணின் மையமோ 0.3 மீட்டரில் இருக்கிறது. அதாவது, இரண்டு மீட்டர் உயர மணற்பருக்களுக்கு அடியில் புதைந்துகொண்டு காற்றைக் கணிக்கச் சொல்கிறேன். முதல் கண்ணின் மையம் பருவின் உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றினால் முதல் கண் கிட்டத்தட்ட 4 மீட்டர் உயரமாகிவிடும். அப்போது ஆள் உயரம் முதல் கண்ணுக்குள்ளேயே அடங்கிப்போகும். பிளாக்கன், ஸ்டாத்தோபுலோஸ், கார்மலியே ஆகிய மூவர் 2007-இல் எழுதிய கட்டுரை இந்த முரணைத்தான் விரிவாக எடுத்துரைக்கிறது.

விதி மீறியதை மென்பொருள் சுட்டிக்காட்டும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் எச்சங்கள் (சமன்பாடுகளில் இன்னும் தீராமல் நிற்கும் மிச்சம்) அழகாக இறங்கின. பிழை இப்போது எதிர்த்திசைக்குப் போயிருந்தது. 60 மீட்டர் தொலைவில் வேகம் 2.8. காரணத்தைத் தாளில் போட்டுப் பார்த்தபோது மனநிறைவாக இருந்தது. நுழைவாயில் பரவல், உயரத்தோடு கரடுமுரடு நீளத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கரடுமுரடு நீளத்தால் வகுத்து மடக்கை எடுக்கிறது, 0.3 மீட்டரில் அது 4-இன் மடக்கை. மணற்பருச் சார்பில் அந்தக் கூட்டல் இல்லை. அது 3-இன் மடக்கையை எடுக்கிறது. இரண்டின் விகிதம் 1.26. ஆக, அதே வேகத்துக்குத் தரை நாலில் ஒரு பங்கு கூடுதலான தகைவோடு காற்றைப் பிடித்திழுக்கிறது. உயரே போகப் போக இந்த வேறுபாடு மறைந்துவிடும். தரையை ஒட்டிய மெல்லிய கண்களில்தான் இது கடிக்கிறது. வலையை நுணுக்கமாக்கினால் விடை மேம்படும் என்ற பொதுவான நம்பிக்கை இங்கே தலைகீழாகிவிடுகிறது.

ஓபன்ஃபோமில் வளிமண்டலத்துக்கென்றே தனிச் சுவர்ச் சார்பு உண்டு. அது கரடுமுரடு நீளத்தை நேரடியாக வாங்கிக்கொண்டு, நுழைவாயில் பரவல் செய்யும் அதே கூட்டலைத் தானும் செய்கிறது. அதை இட்டு ஓட்டினேன், வேகம் 2.1-க்குப் போய்விட்டது. அரை நாள் சூத்திரங்களோடு போராடிய பிறகு, தரைக் கோப்பில் 0.1 என்பதற்குப் பதிலாக 1 என்று தட்டச்சு செய்திருந்ததைக் கண்டுபிடித்தேன். அன்றிலிருந்து கரடுமுரடு நீளத்தை ஒரே கோப்பில் ஒரே முறை எழுதி, நுழைவாயில், தரை, மேல் எல்லை ஆகிய மூன்றும் அந்தக் கோப்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டேன். திருத்திய ஓட்டத்தில் 60 மீட்டரில் 2.92 கிடைத்தது.

மேல் எல்லையில் இருந்த பிழை இவ்வளவு கொடியதல்ல. ஆனால் கொள்கை அளவில் பெரியது. பலரும் செய்வதுபோல நானும் அங்கே, காற்றை இழுக்கவோ தள்ளவோ செய்யாத வழுக்கும் எல்லையை வைத்திருந்தேன். மடக்கைப் பரவல் நிலைத்திருப்பதற்குக் காரணம், மேலிருந்து கீழ்வரை ஒரே அளவான சறுக்குத் தகைவு காற்றின் அடுக்குகளுக்கிடையே கடத்தப்படுவதுதான். தரை இழுத்துக்கொண்டே இருக்க, மேலே யாரும் தள்ளாவிட்டால் பரவல் மெல்ல மெல்ல வாடும். 72 மீட்டர் உயரத்தில், அடுக்குகளைக் கொந்தளிப்பு எவ்வளவு கலக்குகிறது என்பதைக் காட்டும் கொந்தளிப்புப் பாகுநிலை சதுர மீட்டர்/விநாடியில் சுமார் 13. காற்று என் களத்தைக் கடக்க ஏறக்குறைய 37 விநாடி ஆகிறது. இரண்டையும் பெருக்கி இருமடி மூலம் எடுத்தால், அதற்குள் அந்த வாட்டம் கீழே இறங்கக்கூடிய தொலைவு கிடைக்கிறது: 22 மீட்டர். வரைபடத்திலும் பரவலின் சிதைவு உச்சியிலிருந்து ஏறத்தாழ 20 மீட்டர் வரைதான் இறங்கியிருந்தது. கையால் போட்ட கணக்கு இப்படிப் படத்தோடு ஒத்துப்போவது, இந்த வேலையில் அரிதாகக் கிடைக்கும் மகிழ்ச்சி. ஆள் உயரக் காற்றுக்கு இதனால் பாதிப்பில்லை என்றாலும், களம் நீளும்போது சிதைவு கீழே இறங்கும் என்பதால், மேல் எல்லையில் வேகத்தையும் கொந்தளிப்பு அளவுகளையும் அதே பரவலிலிருந்து எடுத்து நிலையான மதிப்புகளாக இட்டேன்.

இதற்குப் பிறகும் கொந்தளிப்பு ஆற்றல் வழியில் சற்றே விலகிக்கொண்டிருந்தது. அதற்கான காரணம், கொந்தளிப்பு ஆற்றலையும் (கே) அதன் சிதைவு வீதத்தையும் (எப்சிலான்) கணிக்கும் கே-எப்சிலான் மாதிரியின் மாறிலிகளுக்குள் ஒளிந்திருந்தது. அந்த மாதிரியில் கப்பா எங்கும் வெளிப்படையாக எழுதப்படுவதில்லை. மற்ற மாறிலிகளே அதைத் தீர்மானிக்கின்றன. வழக்கமான மதிப்புகளான 0.09, 1.44, 1.92, 1.3 ஆகியவற்றை இட்டுப் பார்த்தால் மாதிரி மனத்துக்குள் வைத்திருக்கும் கப்பா 0.433 என்று தெரியவருகிறது. நுழைவாயிலோ 0.41 என்கிறது. இருவரும் ஒரே காற்றைப் பற்றிப் பேசவில்லை. அந்த நான்கில் கடைசியான, எப்சிலானின் பிராண்டல் எண்ணை 1.3-லிருந்து 1.17-ஆகக் குறைத்தால் இரண்டும் பொருந்துகின்றன. கொந்தளிப்பு மாதிரியின் கோப்பில் ஒரே ஒரு வரியைத் திருத்தும் வேலை அது. வேக வரைபடத்தில் இந்தத் திருத்தம் கண்ணுக்கே தெரியாது. கொந்தளிப்பு ஆற்றல் வரைபடத்தில், சாய்ந்திருந்த கோடு நிமிர்ந்து நின்றது.

நீங்காத குறை ஒன்று உண்டு. தரையை ஒட்டிய முதல் இரண்டு கண்களில் கொந்தளிப்பு ஆற்றல் மட்டும் ஒரு சிறு கூம்பாக மேலெழுகிறது. சுவருக்கு அருகில் உற்பத்தியைக் கணக்கிடும் முறையிலிருந்து வரும், பலரும் அறிந்த குறை இது. இதைச் சரிசெய்ய மூல நிரலைத் திருத்த வேண்டும்; 1.5 மீட்டரில் அதன் தாக்கம் மிகக் குறைவு என்பதால் அப்படியே விட்டுவிட்டேன். இறுதியில் 60 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயர வேகம் 2.95-இல் நின்றது. முப்பரிமாண வலையிலும் கட்டடங்கள் இல்லாமல் ஒருமுறை ஓட்டி, அதே எண் வருவதை உறுதி செய்துகொண்டேன்.

கட்டடங்களைத் திரும்ப வைக்கும்போது களத்தின் அளவையும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. முன்னால் கட்டட உயரத்தைப் போல 5 மடங்கு, பின்னால் 15 மடங்கு, மொத்த உயரம் 6 மடங்கு என்ற வழக்கமான அளவுகள் சரியாகவே இருந்தன. பக்கவாட்டில் 5 மடங்கு விட்டு 160 மீட்டர் அகலம் வைத்திருந்தேன். இரு கட்டடங்களின் முகப்புப் பரப்பான 432 சதுர மீட்டரைக் களத்தின் குறுக்குவெட்டுப் பரப்பால் வகுத்தால் 3.75 விழுக்காடு அடைப்பு வருகிறது. 3-ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அடைபட்ட காற்று வேறு வழியின்றிச் சந்துக்குள் கூடுதலாகப் பாயும் என்பதால் இது என் கேள்வியை நேரடியாகத் தொடும் பிழை. அகலத்தை 220 மீட்டராக்கினேன், அடைப்பு 2.7 ஆயிற்று. சந்துக்குள் வலைக்கண் 0.3 மீட்டர். அங்கே முதல் கண்ணின் மையம் 0.15 மீட்டரில் விழுகிறது. கரடுமுரடு நீளத்துக்கு மேலேதான் இருக்கிறது என்றாலும், இதற்கு மேல் நுணுக்கக்கூடாது என்று எனக்கு நானே கோடு கிழித்துக்கொண்டேன். வேகத்துக்கான எண்முறையைத் துல்லியம் குறைந்த முதற்படியிலிருந்து துல்லியம் கூடிய இரண்டாம்படிக்கு மாற்றியபோது முதல் சில நூறு சுழற்சிகளில், எப்சிலான் வரம்புக்குக் கீழே போனதைத் திருத்தியதாகச் சொல்லும் 'பவுண்டிங் எப்சிலான்' என்ற வரி திரையில் ஓடிக்கொண்டே இருந்தது. முதற்படி விடையைத் தொடக்கமாகக் கொடுத்ததும் அது அடங்கியது. எச்சங்களை மட்டும் நம்பாமல், சந்தின் நடுவே ஓர் ஆய்வுப்புள்ளி வைத்து, அங்கே வேகம் அசைவற்று நிற்கும்வரை ஓட்டினேன்.

விகிதம் 0.82 வந்தது. அளந்தது 0.78. கட்டடத்தில் நான் எதையும் மாற்றவில்லை. மாறியது தரையும் மேல் எல்லையும் களத்தின் அகலமும், மாதிரியின் ஒரு மாறிலியும் எண்முறையும்தான்.

கட்டடத்தின் பின்புறம் 8 மீட்டர் தள்ளி, காற்று நிழலில் எடுத்த இன்னோர் அளவீடும் என்னிடம் இருந்தது. அங்கே அளந்தது 0.31, கணித்தது 0.14. பாதிகூட இல்லை. இதில் ஒரு பகுதி மாதிரியின் குற்றம்: நிலையான கே-எப்சிலான் கணிப்பு, கட்டடத்தின் பின்னால் மாறி மாறி உதிரும் சுழல்களைக் காட்டாது; பின்சுழற்சிப் பகுதியை உண்மையைவிட நீளமாகவே வரையும். ஆனால் இன்னொரு பகுதி என் ஒப்பீட்டின் குற்றம். கிண்ணக் காற்றுமானி திசை பார்ப்பதில்லை. முன்னும் பின்னும் அலையும் காற்றின் வேகத்தையெல்லாம் கூட்டிச் சராசரி தருகிறது. கணினி தருவதோ சராசரித் திசைவேகத்தின் அளவு. முன்னும் பின்னும் அலைவது அதில் ஒன்றையொன்று அழித்துவிடும். அந்த இடத்தில் கணித்த வேகம் விநாடிக்கு 0.7 மீட்டர், கொந்தளிப்பு ஆற்றல் 0.5. அலைவு எல்லாத் திசைகளிலும் சமம் என்று கொண்டு, ஆற்றலின் மூன்றில் நான்கு மடங்கை வேகத்தின் இருமடியோடு கூட்டி மூலம் எடுத்தால் 1.08 கிடைக்கிறது, விகிதம் 0.22 ஆகிறது. இடைவெளியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி இப்படி அடைபட்டது. மீதியைப் பெருஞ்சுழல் உருவகப்படுத்தல் போன்ற, காலத்தோடு மாறும் முறையில்தான் தேட வேண்டும். என் கணினிக்கு அது இப்போதைக்குப் பெரிய சுமை.

காற்று 30 பாகை சாய்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதையும் ஓட்டிப் பார்த்தேன். இதற்காகக் காற்றைச் சாய்த்தால் பக்க எல்லைகளையெல்லாம் மாற்றி எழுத வேண்டும். சரிபார்த்து வைத்த வெறுந்தரையும் செல்லாமல் போகும். அதனால் கட்டடங்களின் வடிவத்தைக் கொண்ட எஸ்.டி.எல். கோப்பைத் திருப்பிவிட்டேன். திரும்பி நிற்கும்போது முகப்பு அகலம் 40 மீட்டரிலிருந்து 44.6 ஆகி, அடைப்பு மீண்டும் 3.4-க்கு ஏறியது; களத்தை 250 மீட்டராக விரித்ததும் 3-க்குள் அடங்கியது. இந்தத் திசைக்குச் சந்தின் விகிதம் 0.55 என்று வந்திருக்கிறது. அத்திசையில் மேகமூட்டத்தோடு காற்று வீசும் நாளுக்காகக் காற்றுமானிகள் இரண்டும் பெட்டியில் காத்திருக்கின்றன.